பெரியவர் போய்ச் சேர்ந்த கதை

காலையில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் குடையோடு வெளியே போயிருந்த என் மாமனாரை, ஒருநாள் பத்தே முக்கால் மணிக்கு நான் சாகடித்துவிட்டேன். சம்பவம் நடந்த இடம் ராஜபாளையத்தில் ஒரு வங்கி வாசல். உடந்தை என் செல்போன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் அன்றைக்கு ஒரு சந்தோஷத்தைக் கொண்டாடத்தான் கிளம்பினேன்.

எனக்கும் என் வீட்டுக்காரர் சகாயத்துக்கும் ஒரு வியாதி உண்டு. பணவிஷயத்தில் நல்லது எது நடந்தாலும், அது எறும்பு அளவாக இருந்தாலும், கொண்டாடாமல் விடமாட்டோம். பழைய பேப்பருக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைத்தால் அன்று மாலை வடை. அடகு நகை திரும்பி வந்தால் பிளவக்கல் அணைக்கு ஒரு பயணம். (போய்வந்த செலவில் இன்னொரு மோதிரத்தை அடகு வைக்க வேண்டிவந்தது தனிக்கதை.) சகாயத்துக்கு நூல் மில்லில் வேலை, எனக்குப் பேண்டேஜ் துணி கம்பெனியில் பில் போடும் வேலை. பெரிய சந்தோஷங்களுக்குக் காத்திருந்தால் எங்களுக்கு வயதாகிவிடும்.

கடன்களுக்குப் பேர் வைப்பதும் எங்கள் வழக்கம். ஃபிரிட்ஜ் தவணைக்குச் ‘சித்தி’ என்று பேர். ஸ்கூட்டர் தவணை ‘மாப்பிள்ளை’. ஒன்றும் செய்யாமல் மாதாமாதம் மரியாதை எதிர்பார்க்கிறவர் என்பதால் அந்தப் பேர். கடைசித் தவணை கட்டிய அன்று, “சித்தி போய்ச் சேர்ந்துட்டா” என்று சகாயத்துக்குச் செய்தி அனுப்புவேன். இரண்டு பேரும் தலைக்குக் குளித்துவிட்டு பிரியாணி சாப்பிடுவோம்.

வீட்டுக்கடனுக்கு மட்டும் ‘பெரியவர்’ என்று வைத்திருந்தோம். தேதி தவறினால் பொறுக்கமாட்டார், ஒரு ரூபாய் குறைந்தாலும் மன்னிக்கமாட்டார், பதினாலு வருடமாக எங்கள் தலைமேல் உட்கார்ந்திருந்தார். பேர் பொருத்தமாகத்தான் இருந்தது. சிக்கல் என்னவென்றால், எங்கள் குடும்பத்தில் நண்டு சிண்டுகள் உட்பட எல்லாரும் ‘பெரியவர்’ என்று கூப்பிடுவது என் மாமனாரைத்தான். அந்தப் பொருத்தத்தைப் பார்த்துத்தான் பேரே வைத்தோம் என்பது எனக்கும் சகாயத்துக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

மாமா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அத்தை போனபிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக இருக்கிறார். கடன் என்றால் அவருக்குப் பாம்பைக் கண்டமாதிரி. நாங்கள் வீடு கட்டி, சர்ச்சிலிருந்து சாமியார் வந்து வீட்டை மந்திரித்த அன்று, வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: “அடுத்தவன் காசுல நிக்கிற வீட்டுல எனக்குப் பச்சத்தண்ணி கூட வேணாம். கடன அடைச்சுட்டுச் சொல்லுங்க, வந்து குடிக்கேன்.” சாமியார் தெளித்த தீர்த்தத்தில் ஒரு சொட்டு அவர்மேல் பட்டது. அதையும் துண்டால் துடைத்துவிட்டார்.

பதினாலு வருடம் அந்தச் சபதத்தைக் காப்பாற்றினார். பேத்தியைப் பார்க்க வருவார், தோளில் சொந்தத் தண்ணீர் பாட்டில் தொங்கும். நான் போடும் காபியின் வாசனையை மோந்துகொண்டே பாட்டில் தண்ணீரைக் குடிப்பார். எனக்கு வயிறு எரியும். என்றைக்காவது இந்த மனுஷன் என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவேண்டும் என்பதற்காகவே நான் மிச்சம் பிடித்துப் பிடித்து, கடனை ஒரு வருடம் முன்னதாகவே அடைத்தேன் என்று சொன்னால் நம்புங்கள்.

அன்று வங்கியில் வீட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாசலுக்கு வந்ததும் கண்ணில் தண்ணீர் முட்ட, சகாயத்துக்குச் செய்தி தட்டினேன்:

“பெரியவர் போய்ச் சேர்ந்துட்டார்! பதினாலு வருசம் நம்மளப் படுத்துன பாட்டுக்கு இன்னைக்குத்தான் விடுதலை. வீட்டுப் பத்திரம் என் கைக்கு வந்தாச்சு. இனிமே நிம்மதியாத் தூங்கலாம். ராத்திரி பிரியாணி.”

சகாயத்தின் முகப்படம் எங்கள் கல்யாணப் போட்டோ. முப்பத்தெட்டுப் பேர் இருக்கும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் படமும் அதே கல்யாணப் போட்டோதான். மிச்சத்தை நான் சொல்லவேண்டியதில்லை.

வங்கிக்குள் போகும்போது போனை ஊமையாக்கியிருந்தேன். ஊமையாகவே அதை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டிவிட்டு, மாமாவுக்கு ஒரு வேட்டி துண்டு எடுக்கக் கடைக்குப் போனேன். பத்திரத்தைக் காட்டும்போது வெறுங்கையோடு போகலாமா? நல்ல எட்டு முழ வேட்டியாகத் தேடி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் சீட்டுக்கு அடியில் எழுபத்தாறு அழைப்புகள் வந்திருக்கின்றன.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு ஆட்டோ என்னை முந்தியது. உள்ளே செட்டியார்பட்டியில் இருக்கும் அமலி மதினி, சகாயத்தின் அக்கா. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். (தூசிக்காக என்று நினைத்தேன். அந்த ரோடு அப்படி.) நான் ஹாரன் அடித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, “மதினி! ராத்திரி பிரியாணி! மறக்காம வந்துருங்க!” என்று கத்தினேன்.

மதினி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வேர்க்கிறது.

ஊருக்குள் நுழைந்து பால்கோவா இரண்டு கிலோ வாங்கும்போது கோயிலில் துக்க மணி அடித்தது. கடைக்காரர், “யாரோ பெரிய ஆளு போல, ரொம்ப நேரமா அடிக்காக” என்றார். நானும் பக்தியோடு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். என் மாமனாருக்கு.

தெருவுக்குள் திரும்பியதும் மனசு நிறைந்துவிட்டது. மாமா வீட்டு வாசலில் நீலநிற நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் முப்பது பேருக்குமேல் நின்றார்கள். சகாயம் சொல்லி எல்லாரையும் வரவழைத்துவிட்டார், என் உழைப்புக்கு இப்படி ஒரு மரியாதையா என்று நினைத்துக்கொண்டே வண்டியை நிறுத்தினேன். வீடு பூட்டிக் கிடந்தது. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. பால்கோவா டப்பாவைத் திறந்து, “எல்லாரும் எடுத்துக்கோங்க! பதினாலு வருசக் கனவு!” என்று நீட்டினேன்.

முதலில் நின்ற கோயில் உபதேசியார், பழக்கதோஷத்தில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் அவருக்கு நிலைமை புரிந்தது. முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நின்றார்.

மதினி பாய்ந்து வந்தார். “ஏட்டி பாவி! எங்கய்யா சாவுக்கு இனிப்பாட்டி குடுக்க? கோடித் துணிய வேற முதல் ஆளா எடுத்துட்டு வந்து நிக்கியே!”

என் கையில் இருந்த புது வேட்டியை நான் பார்த்தேன். நாற்காலிகளைப் பார்த்தேன். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ரோஜா மாலைகளை அப்போதுதான் பார்த்தேன்.

“மாமாவுக்கு என்ன மதினி ஆச்சு?”

“என்கிட்ட கேக்கியா? நீதான அனுப்புன!” என்று மதினி போனை எடுத்து, கூட்டத்துக்கு நடுவில் நின்று என் செய்தியை வாசித்தார். ‘படுத்துன பாட்டுக்கு’ என்ற இடத்தில் ஒரு பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். ‘பத்திரம் என் கைக்கு வந்தாச்சு’ என்ற இடத்தில் கூட்டமே என்னை மேலும் கீழும் பார்த்தது. ‘பிரியாணி’ வந்தபோது எனக்கே என்மேல் அருவருப்பு வந்துவிட்டது. எழுதியவள் நான்தான், ஆனாலும் இப்படி ஒரு மருமகளா என்று இருந்தது.

“ஆஸ்பத்திரியில இருந்து எப்பட்டி கொண்டுவாராக? அதையாவது சொல்லு” என்றார் மதினி. வீடு பூட்டியிருந்ததால் உடல் ஆஸ்பத்திரியில் இருப்பதாக அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். மாமாவின் பட்டன் போன் பூட்டிய வீட்டுக்குள் சார்ஜில் கிடந்து அடித்து ஓய்ந்திருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் தெருமுனையில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குக் கீழே மாமா. கையில் ஒரு காகிதம்.

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. உபதேசியாருக்குப் பால்கோவா தானாகவே உள்ளே இறங்கியது.

“யாரு தவறுனது?” என்றார் மாமா. “அங்க வரைக்கும் மணி கேட்டுச்சு. அந்த ஆத்துமாவுக்கு வரிசையில நின்னே ஒரு செபம் சொன்னேன்.”

அவரே தொடர்ந்தார். பென்சனுக்காக வருடாவருடம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கவேண்டுமாம். அதற்காகக் காலையிலிருந்து வரிசையில் நின்றாராம். “விரல் ரேகை விழமாட்டேங்கு. அந்த மெஷினு, ஏசுவத் தெரியாதுன்னு சொன்ன பேதுரு மாதிரி மூணு தடவ என்னைய மறுதலிச்சுட்டு. நாலாவது தடவதான் நான் உசுரோட இருக்கேன்னு ஒத்துக்கிட்டு” என்று காகிதத்தைக் காட்டினார். பிறகுதான் மாலைகளைப் பார்த்தார். ஒரு மாலையில் தொங்கிய அட்டையில் தன் பேரையும் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து, என் செய்தியைப் பார்க்காமல் மில்லுக்கு ஆள் வந்து சொன்னதை மட்டும் நம்பிய சகாயம் மில் சட்டையோடு, “அப்பா...” என்று அலறிக்கொண்டு ஓடிவந்து, எதிரே நின்ற ஆளைத் தள்ளிவிட்டு வீட்டுக்குள் போகப் பார்த்தார். தள்ளப்பட்ட ஆள் அவருடைய அப்பா.

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. சித்தி, மாப்பிள்ளை, பெரியவர், எல்லாவற்றையும் முப்பது பேர் முன்னால் சொல்லவேண்டியதாயிற்று. “அந்தப் பேர வச்சது ரோசிதாம்ப்பா” என்று என் கணவர் என்னைக் கைகாட்டிவிட்டு வீரமாக ஒதுங்கிக்கொண்டார். மாமா போனை வாங்கிச் செய்தியை இரண்டு தடவை வாசித்தார். அவர் முகம் சுருங்குவதை நான் பார்த்தேன்.

“எழுவாய் யாருன்னு தெளிவா இல்லாம ஒரு வாக்கியம் எழுதலாமா?” என்றார் முதலில். பிறகு குரல் மாறியது. “எழுவாய் எதுவா இருந்தா என்ன, கடன்னா உங்களுக்கு என் ஞாபகம்தான் வந்திருக்கு. கேட்டுக்கோங்க. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் உங்க வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கமாட்டேன்.”

கதவைத் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார்.

நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அசிங்கப்பட்டதற்காக இல்லை. பதினாலு வருடம் கட்டிய கடன் அன்று காலைதான் தீர்ந்தது, மத்தியானமே புதிதாக ஒன்று ஏறிவிட்டது. அதற்குத் தவணையும் இல்லை. மதினிதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “சரி விடுட்டி, செத்த நேரம் போனாச் சரியாயிருவாரு” என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தார். (தடவிக்கொண்டே பால்கோவாவும் சாப்பிட்டார்.) மாலைகளையெல்லாம் உபதேசியார் கோயிலில் அந்தோணியாருக்குப் போட்டுவிட்டார். அன்று பிரியாணி இல்லை. மோர்ச்சோறுகூட இறங்கவில்லை.

எங்கள் மதத்தில் மூன்றாம் நாளுக்கு ஒரு விசேஷம் உண்டு, ஏசு உயிர்த்தெழுந்த நாள். மூன்றாம் நாள் காலை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா. நான் வாங்கிய வேட்டியைக் கட்டியிருந்தார். தோளில் பாட்டில் இல்லை.

நேராக உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் அசையாமல் நின்றேன்.

“என்னட்டி பாக்க? தண்ணி கொண்டா.”

“மாமா... உசுரோட இருக்கிற வரைக்கும் குடிக்கமாட்டேன்னு சொன்னீகளே...”

“ஆமா, சொன்னேன். எனக்குத்தான் கோயில்ல மணி அடிச்சாச்சே. செத்தவனுக்கு ஏதுட்டி சபதம்?”

ஒரு சொம்பு தண்ணீர். ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டுக் காலிச் சொம்பை என்னிடம் நீட்டி, “உப்புத்தண்ணி. இதுக்கா பதினாலு வருசம்?” என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் போன் செய்தாலும் மாமா எடுத்தவுடன், “இன்னும் போகல, சொல்லு” என்பார். குடும்பக் குழுவின் பேரை மதினி, ‘பெரியவர் நலமாக இருக்கிறார்’ என்று மாற்றிவிட்டார். நான் எந்தச் செய்தி போட்டாலும் முப்பத்தெட்டுப் பேரில் ஒருவராவது, “எழுவாய் யாரு?” என்று கேட்காமல் விடுவதில்லை.

போன மாதம் மகளின் படிப்புக்குக் கடன் வாங்கவேண்டிவந்தது. பயந்துகொண்டே மாமாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

“பேரு வச்சாச்சா?”

“இல்ல மாமா. இனிமே யாருக்கும் பேரே வைக்கிறதில்ல.”

“பெரியவர்னே வை” என்றார். ஒரு மிடறு குடித்துவிட்டு, “எத்தன வருசம்?” என்றார்.

“பத்து வருசம் மாமா. ஆனா நாங்க முன்னாடியே அடைச்சிருவோம்.”

“ஏட்டி” என்று நிமிர்ந்து பார்த்தார், ஆயுள் முழுவதும் யாரிடமும் ஒரு பைசா கடன் வாங்காத அந்த மனுஷன். “என்ன அவசரம்? மெதுவாக் கட்டு.”