பத்திரிகையைத் திரும்ப வாங்கிய கல்யாணம்

ஒழுங்காக வேலை செய்கிறவனிடம் கல்யாண வேலையை ஒப்படைக்கக் கூடாது. அரைகுறையாகச் செய்கிறவன் நாலு பேரிடம் யோசனை கேட்டுப் பிழைத்துக்கொள்வான். என்னைப் போன்றவன் யாரையும் கேட்காமல், எல்லாவற்றையும் நேர்த்தியாகக் கெடுப்பான்.

பள்ளிவாசல் என்கிற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் நான் ஸ்டோர் கீப்பர். என் பொறுப்பில் ஒரு போல்ட் கூட இடம் மாறி இருக்காது. (என் மனைவி செல்வி அஞ்சறைப் பெட்டியை என் கைக்கு எட்டாமல் வைத்திருப்பது அதனால்தான்.) மகள் அனிதாவுக்குச் சித்தூரில் மாப்பிள்ளை அமைந்து, கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த சமயம் அம்மாவும் மகளும் சேலை எடுக்கத் தேனிக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்புவதற்குள் பத்திரிகை வைத்து முடித்து அசத்திவிடலாம் என்று கிளம்பினேன்.

மலைப் பாதையில் ஜீப் வாடகை என்ன ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகவே பாதை வரிசைப்படி திட்டம் போட்டேன். முதலில் பக்கத்திலேயே இருக்கும் என் சித்தப்பா. பிறகு நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகள், எல்லாம் தோட்டத் தொழிலாளர்கள். அப்புறம் மாட்டுப்பட்டி. பாதையின் கடைசியில் வட்டவடை. அங்கே செல்வியின் அண்ணன் முருகேசன் பூண்டு விவசாயம் பார்க்கிறார். ஒரு கிலோமீட்டர் கூட வீணாகாது.

தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை என்பது எனக்குத் தெரியாததல்ல. முகூர்த்தக்கால் ஊன்றுவதும், பெண்ணைக் கைபிடித்து அழைத்து வந்து மணையில் உட்கார வைப்பதும் அவர்தான். ஆனால் வட்டவடை கடைசியில் இருந்தால் நான் என்ன செய்வது?

மாட்டுப்பட்டியை முடிப்பதற்குள் இருட்டிவிட்டது, வட்டவடையை மறுநாளைக்கு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அதற்குள் சித்தப்பா பத்திரிகையைப் படம் பிடித்து, "முதல் அழைப்பு நமக்கே" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். தேனி ஜவுளிக்கடையிலிருந்து செல்வி பேசினாள்.

"யாருக்குங்க மொதல்ல வச்சீங்க?"

"பாதை வரிசைப்படி..."

போன் வைக்கப்பட்டது.

அன்றிரவே அவர்கள் திரும்பிவிட, மறுநாள் நானும் செல்வியும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக்கொண்டு வட்டவடைக்குப் போனோம். மச்சான் வாசலில் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"வாங்க மாப்ள. ஊரு பூரா வச்சாச்சு போல. மிச்சம் விழுந்தது எனக்கா?"

"அப்படி இல்ல மச்சான். ஜீப்பு வர்ற வழி..."

"அப்ப ரோட்டோரத்துல வீடு வாங்கியிருந்தா நான் தாய்மாமன் ஆயிருப்பேன்."

தட்டை அவர் தொடவில்லை. டீ மட்டும் கொடுத்தார். அதில் சர்க்கரை இல்லை. (மறதியாகவும் இருக்கலாம்.) திரும்பி வந்து அனிதாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை, அழுதிருந்தால் தேவலை.

"மாமா வரலைன்னா நான் மணையில உக்கார மாட்டேம்ப்பா," என்றாள் நிதானமாக.

அவள் சடங்குக்கு, மலை இறங்கிப் போய்ப் பச்சை ஓலை வெட்டி வந்து குடிசை கட்டியவர் அந்த மாமா. அவள் சொன்னால் செய்வாள், என் மகள். மண்டபம், சமையல்காரர், மேளம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. பெண் மட்டும் உட்காரப் போவதில்லை.

செல்வி அண்ணனிடம் போனில் கெஞ்சினாள். அவர் ஒரு வழி சொன்னார். "குடுத்ததெல்லாம் திரும்ப வாங்கச் சொல்லு. எனக்கு வச்ச பெறகு எல்லாருக்கும் வைக்கட்டும். அப்பத்தான அது மொதப் பத்திரிக."

ஒரு ஸ்டோர் கீப்பராக அதில் என்னால் குறை காண முடியவில்லை. சரக்கு உள்ளே வந்தால்தானே மறுபடி வெளியே போகும்.

சித்தப்பா வீட்டில் தொடங்கினேன். "வெத்தலைய அன்னிக்கே போட்டுத் துப்பிட்டனேடா, அத எப்படித் திருப்புறது?" என்றார். மாட்டுப்பட்டியில் ஒரு அக்கா பத்திரிகையைக் கொடுக்கும்போதே கண் கலங்கினார். "எந்தப் புள்ளைக்கும் இப்படி ஆகக் கூடாது தம்பி. யாருகிட்டயும் நான் வாய் தொறக்க மாட்டேன்."

அவர் வாய் திறக்காததன் பலன், நான் வீடு வந்து சேருவதற்குள் சித்தூரிலிருந்து சம்பந்தி பேசினார்.

"ஏனுங்க, பத்திரிகையெல்லாம் திருப்பி வாங்கறீங்களாமா? எங்க பையன் மேல ஏதாச்சும் குறைங்களா?"

வியர்த்துக்கொண்டே எல்லாவற்றையும் விளக்கினேன். சம்பந்தம் முறிந்தது என்றே முடிவு செய்துவிட்டேன்.

"அப்போ எங்க ஊட்டுக்கு வந்த பத்திரிகைய என்னங்க பண்றது? நாங்களும் கொண்டாந்து குடுத்தரோணுமா?"

வேண்டவே வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னேன்.

எல்லாப் பத்திரிகையும் கைக்கு வந்த பிறகு மறுபடி வட்டவடை. மச்சான் குளித்து, வேட்டி மாற்றி, வாசலில் நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். "மொதப் பத்திரிகையா மாப்ள?" என்று கேட்டார். "ஆமா மச்சான்," என்றேன். அன்று டீயில் சர்க்கரை அதிகம். மறுபடி எல்லா வீட்டுக்கும் போய், முதல் முறை போலவே சிரித்து, பத்திரிகை வைத்தேன்.

மச்சான் முகூர்த்தக்கால் ஊன்றினார். அனிதா அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தாள். நான் மூச்சு விட்டுத் திரும்பினால், மண்டபத்தில் நிற்க இடமில்லை.

"ரெண்டு தடவ கூப்புட்டீகள்ல," என்றார் லயத்துக்காரர் ஒருவர். "அதான் சகலை வீட்டையும் கூட்டியாந்துட்டேன்."

முதல் பந்தியிலேயே சோறு பற்றாமல் போனது. மச்சான் தாய்மாமன் சீராக ஒரு ஜீப் நிறையக் கொண்டுவந்திருந்த கேரட்டும் முட்டைக்கோஸும்தான் மானத்தைக் காப்பாற்றின. (கடைசிப் பந்தியில் பாயசத்திலும் கேரட்.)

அதோடு முடியவில்லை. அதன் பிறகு எங்கள் லயத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், "ஒரு தடவதான வந்தாக, மனசில்லாமக் கூப்புட்டிருக்காக," என்று ஜனம் முறுக்கிக்கொள்ள ஆரம்பித்தது. இப்போது எல்லோரும் இரண்டு முறை அழைக்கிறார்கள், என்னைத் திட்டிக்கொண்டே.

போன வாரம் அடுத்த லயத்து ராசு தங்கை கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்தான். மரியாதையாக வாங்கிப் படித்துப் பார்த்து, கட்டாயம் வருகிறோம் என்றேன். அவன் போகாமல் நின்றான்.

"என்ன ராசு?"

"பத்திரிகையத் திருப்பிக் குடுங்கண்ணே. அடுத்த வாரம் மறுபடி வரணும்ல."