கொழுப்பு சாரின் கண்ணாடித் தகடு

திருவண்ணாமலையில் கொழுப்பு சாரைப் போல ஊருக்கே எரிச்சலூட்டிய ஆள் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நான் லேப் அசிஸ்டென்டாக இருந்த கல்லூரியில் அவர் வேதியியல் ஆசிரியர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். எந்த ரசாயனம் கொழுப்பில் எவ்வளவு கரையும் என்று அளப்பதுதான் அவருக்கு வேலை, பொழுதுபோக்கு, பக்தி எல்லாம். மாணவர்கள் வைத்த பெயருக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தும்.

வெள்ளைப் பூச்சுள்ள கண்ணாடித் தகட்டில் எண்ணெய் ஏற்றுவார். அடியில் ரசாயனத்தைப் பொட்டாக வைத்து, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தில் நிறுத்துவார். திரவம் மேலே ஏறும். தண்ணீரில் கரைவது கூடவே ஏறும். கொழுப்பில் கரைவது எண்ணெயை விட்டு நகராது. ஏறிய தூரத்தை ஸ்கேல் வைத்து அளப்பார். கல்லூரி முதல்வரின் தலைச்சாயத்தையும் விடவில்லை. அது லேசில் போகாது என்று அவரிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பக்கத்துக் கிராமமான அடி அண்ணாமலையில் என் தங்கை கணவன் ஏழுமலை கத்தரிக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது, முதுகில் மாட்டிய ஸ்பிரேயர் கசிந்து மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். டாக்டர் இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொன்னார். நாங்கள் கேட்காமல், எங்கள் பொறுப்பில் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

நான் லேபில் பெயர் சொல்லியிருந்த அதே மருந்தை வைத்துப் பார்த்த தகட்டோடு, கொழுப்பு சார் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார்.

"பாருங்க, பொட்டு அடியிலயே நிக்குது. இவர் உடம்புலயும் கொழுப்புல போய் ஒளிஞ்சிருக்கும். மெதுவா ரத்தத்துக்கு வரும். கூட்டிட்டுப் போவாதீங்க."

தங்கை அழுதாள். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை.

"மருந்தடிச்சு விழுந்த எங்க அண்ணனையும் இப்டிதான் சந்தோஷமா கூட்டிட்டு வந்தோம்," என்றார் சார். "வாசப்படி ஏறல."

நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோதே ஏழுமலையின் தலை மார்பில் சாய்ந்தது. தூக்க முடியவில்லை என்றான். பிறகு மூச்சும் திணறியது. உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினோம்.

இருபத்திரண்டு நாள் மெஷின்தான் அவனுக்காக மூச்சுவிட்டது. சார் தினமும் வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். ஏழுமலை பிழைத்தான், சட்டைப் பொத்தான் போட மட்டும் இன்றுவரை விரல் ஒத்துழைக்காது.

திட்டியதற்கு நான் சாரிடம் மன்னிப்பே கேட்கவில்லை. போன வருஷம் அவர் மாரடைப்பில் போனபோது, கொள்ளி வைக்க யாருமில்லை.

"நான் வக்கிறேன்," என்றான் ஏழுமலை.

கொள்ளிக்கட்டை அவன் விரல்களில் நிற்கவில்லை. நானும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.