ஏழடிச் சிறகும் நாலரை அடிக் கூண்டும்

லப்பைக்குடிகாடு,
9.1.2026, வெள்ளி.

அன்பு மாப்பிள்ளை மதார் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும், என் தங்கை ரஷீதாவும், உங்கள் மகள் ஷஹானாவும், ஓட்டல் ஆட்களும் இறைவன் கிருபையால் நலம். ஷார்ஜாக் குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல்.

ஐந்து மாதமாக நீங்கள் என்னோடு பேசுவதில்லை. நான் போனை எடுத்தால் "ரஷீதாகிட்ட குடுங்க" என்பதோடு சரி. ஆகவே எழுதுகிறேன். இது நான்காவது பிரதி. முதல் மூன்றிலும் மன்னிப்பு இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டதால் கிழித்துவிட்டேன். இதில் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் சிறுவாச்சூர் ஓட்டல் வாசலில் கூண்டில் இருந்த கூழைக்கடாவைப் பற்றி வனத்துறைக்கு மொட்டைக் கடிதம் போட்டதற்காக என்னை மன்னிக்க வேண்டும்.

எனக்குப் பறவைகள்மீது தனிப் பாசம் கிடையாது. முப்பத்துநான்கு வருடம் விலங்கியல் நடத்தினேன் என்றாலும், பழகியதெல்லாம் கண்ணாடிக் குப்பியில் இருந்தவற்றோடுதான். ஆனால் மூன்று வருடம் உங்கள் கல்லாவில் உட்கார்ந்தேன், எதிரே அது உட்கார்ந்திருந்தது. கூட்டமில்லாத ஒரு பிற்பகலில் தையல் டேப்பை எடுத்துப்போய்க் கூண்டை அளந்தேன். உயரம் ஆறடி, நீளம் அகலம் இரண்டும் நாலரை. புத்தகத்தில் அதன் சிறகு விரிப்பு ஏழடிக்கு மேல். நான் தப்பாக அளந்திருக்கலாம் என்று நம் சமையற்காரர் செல்லமுத்துவையும் அளக்கச் சொன்னேன். "எத்தன தடவ அளந்தாலும் கூண்டு வளராது சார்" என்றார்.

உங்களிடம் சொல்ல மூன்று முறை போன் போட்டேன். மூன்று முறையும் "யாவாரம் எப்படிப் போவுது?" என்று கேட்டீர்கள். நல்லா போவுது, பிள்ளைங்க பறவையப் பாக்கத்தான் காரை நிறுத்தச் சொல்லுதுங்க என்று உள்ளதைச் சொல்லி வைத்துவிட்டேன். பிறகுதான் கடிதம். மொட்டைக் கடிதமானாலும் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டாமா? ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பப் போனேன். "அனுப்புனர் அட்ரஸ் இல்லாம எடுக்க மாட்டோம் ஐயா" என்றார் தபால் நிலையத்தில் இருந்த பெண். என் வீட்டு முகவரியை எழுதப் பயம், பின்னால் வரிசை வேறு நிற்கிறது, பதற்றத்தில் உங்கள் ஓட்டல் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டேன். அட்டை நேராக ரஷீதா கைக்கு வந்தது. சிறு வயதிலிருந்து என் கையெழுத்தைப் பார்த்தவள்.

மறுநாள் வனக்காப்பாளர் அறிவரசன் வந்து, "ஓட்டல்லேருந்தே மனு போட்டிருக்கீங்களே, ஓனருக்குப் பெரிய மனசுங்க" என்றார். ரஷீதா என்னைப் பார்த்தாள். நான் சோம்பு டப்பாவைப் பார்த்தேன். "ஆமாங்க, அவங்க ரொம்ப நாளாவே சொல்லிக்கிட்டுதான் இருந்தாங்க" என்று சொல்லி டீ கொடுத்தாள். வழக்கு வராமல் போனது அந்த ஒரு டீயால்தான்.

கூண்டைத் திறந்தால் பறவை வெளியே வரவில்லை. பிரியாணி சாப்பிட்டவர்களெல்லாம் எச்சில் கையோடு வந்து யோசனை சொன்னார்கள். நான் கிட்டே குனிந்தேன், அது என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கவ்விக்கொண்டது. ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட இருந்ததே அந்தப் பேனா ஒன்றுதான். "சார்வாளுக்கு எங்க போனாலும் கையெழுத்துதான் பிரச்சன" என்று ரஷீதா எல்லோர் முன்னாலும் சொன்னாள். கடைசியில் செல்லமுத்து ஒரு கெண்டையைக் காட்டிப் பேனாவை வாங்கினார். கரைவெட்டி ஏரி வரைக்கும் வண்டியில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துபோய் விட்டுவந்தார்.

அங்கே சரணாலயத்தில் வேலிக்குள் வைத்து, நாம் நறுக்கிய இறகுகள் முளைக்கும்வரை காத்திருந்து, போன வாரம் கதவைத் திறந்துவிட்டார்கள். நேற்று அரியலூரில் பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன். மற்ற கூழைக்கடாக்கள் ஏரியில் மிதக்கின்றன. இது மட்டும் திறந்த கதவுக்கு உள்ளே நடந்துகொண்டிருந்தது. நாலரை அடி போகும், திரும்பும். அதற்குமேல் ஓர் அடி வைக்கவில்லை. சாயங்காலம் வரை பார்த்தேன். அதற்கும் நிம்மதி இல்லை, உங்களுக்கும் இல்லை, நான் யாருக்கு என்ன நல்லது செய்தேன் என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஆகவே நோன்புப் பெருநாளுக்குள் ஒரு ஈமு வாங்கி அதே கூண்டில் விட வேண்டும் என்று நீங்கள் ரஷீதாவிடம் சொன்னதற்கு எனக்குச் சம்மதம். நானே போய் வாங்கி வருகிறேன். ஈமு பறக்காது, எனவே அளக்க வேண்டிய அவசியமும் இல்லை.

உங்கள் உடலுக்கும் தொழிலுக்கும் பரக்கத் உண்டாக துஆ செய்கிறேன். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும்.

தங்கள் மச்சான்,
சேக் தாவூது

பின்குறிப்பு, திங்கள்: நேற்று அறிவரசன் போன் செய்து, "சார், உங்க ஆளு கெளம்பிட்டாப்ல" என்றார். இன்று போனேன். ஏரிக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றியது. ஏழடிக்கு மேல்தான் இருக்கும். கரையில் நின்று அளக்க முடியவில்லை, கண்ணும் சரியாகத் தெரியவில்லை.

எனவே மேலே கேட்ட மன்னிப்பில், உங்களிடம் முதலில் சொல்லாமல் போனதற்கு உரியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவும். ஈமு வராது. இந்தக் கடிதம் உங்களுக்கு வந்துசேரப் பத்து நாளாகும். பன்னிரண்டாம் நாள் கூண்டை அறுக்க வெல்டிங் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். அன்று காலை, ஆள் வருவதற்கு முன்பு உங்களுக்குப் போன் செய்வேன். ரஷீதாவிடம் கொடுக்கச் சொல்வீர்கள். கொடுக்க மாட்டேன்.