செல்லத்துரை வாத்தியாரின் நடமாடும் ஓவிய வகுப்பு

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ இடத்தில் நின்று சபதம் செய்திருக்கிறார்கள். வாளித் தண்ணீருக்குள் முகத்தை முக்கிக்கொண்டு சபதம் செய்தவர், எனக்குத் தெரிந்து, அருப்புக்கோட்டை செல்லத்துரை வாத்தியார் ஒருவர்தான்.

"இனிமே செத்தாலும் மிளகாய்க் காட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்பதுதான் சபதம். அது தண்ணீருக்குள் செய்யப்பட்டதால், பக்கத்தில் துண்டோடு நின்ற அவர் மனைவி சூசையம்மாள் காதில் குமிழிச் சத்தம் மட்டும்தான் விழுந்தது.

"என்ன, தண்ணியக் குடிச்சுட்டீகளா?" என்றாள்.

வாத்தியார் இல்லை என்று தலையை ஆட்டினார். வெளியே சொல்லத் தைரியம் இருந்திருந்தால் எதற்கு வாளிக்குள் போய்ச் சொல்லப்போகிறார்?

விஷயம் இதுதான். சூசையம்மாளின் தம்பி சவரிமுத்துவுக்குப் பரளச்சியில் மிளகாய்க் காடு. மாசி பிறந்தால் காடு மொத்தமும் ஒரே நேரத்தில் பழுத்துவிடும். எடுக்க ஆள் கிடைக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்த கையோடு சூசையம்மாள் புருஷனைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். மாப்பிள்ளை வந்தால் கோழி அடிப்பது ஊர் வழக்கம். பரளச்சியிலும் அடித்தார்கள். ஆனால் கோழிக்கு முன்னால் ஒரு நார்ப்பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். குனிந்து குனிந்து பழம் எடுத்து, அந்தக் கையாலேயே மறதியாகக் கண்ணைக் கசக்கி, வாத்தியார் ஒவ்வொரு ஞாயிறும் அழுதுகொண்டே கோழி தின்றார். புதிதாகப் பார்க்கிறவர்கள், மனுசனுக்கு மாமியார் வீட்டின் மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சபதம் எடுத்தாயிற்று. அதைக் காப்பாற்ற ஒரு காரணம் வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் சூசையம்மாள் கஷாயம் வைப்பாள். அதற்கு மிளகாயே மேல். பள்ளிக்கூடத்தில் மீட்டிங் என்றால் தலைமையாசிரியருக்கே போன் போட்டுக் கேட்பாள். காரணம் பெரியதாக இருக்க வேண்டும். நாலு பேர் சாட்சிக்கு இருக்க வேண்டும். முக்கியமாக, யாரும் குறை சொல்ல முடியாததாக இருக்க வேண்டும்.

யோசித்தார். தான் ஒரு டிராயிங் மாஸ்டர் என்பது நினைவுக்கு வந்தது. உடனே காம்பவுண்டுச் சுவர் ஓரம் போய்ப் பக்கத்து வீட்டு இனாயத்துல்லாவைக் கூப்பிட்டார். இனாயத்துல்லா துபாயில் பல காலம் வண்டி ஓட்டிவிட்டு, ஊருக்கு வந்து சொந்தமாக ஒரு வேன் வைத்திருக்கிறவர். ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டுக்காரி ஷஹீனா அவர் முன்னால் உரிக்கச் சொல்லி வெள்ளைப்பூண்டைக் கொட்டுவாள். ஒரே நோய்க்காரர்கள் ஒருவரை ஒருவர் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.

"பாய், ஞாயித்துக்கிழமையானா நம்ம எங்கயாச்சும் போயிரணும்."

"எங்க வாத்தியாரே?"

"எங்கயாச்சும். ஆனா கௌரவமாப் போகணும். பத்துச் சனத்தை உங்க வேன்ல ஏத்திக்கிட்டு, கலைக்காகப் போறோம்னு போகணும். ஊர் ஊராப் போயி, வெட்டவெளியில உக்காந்து படம் வரையிறது. நடமாடும் ஓவிய வகுப்பு."

"எனக்கு வரைய வராதே."

"வராதவுகளுக்குத்தானய்யா வகுப்பு."

இனாயத்துல்லா சுவர் மேல் கையை நீட்டினார். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். உள்ளேயிருந்து பூண்டு வாசம் வந்தது.

சாயங்காலம் வாத்தியார், ஓட வசதியாக வாசற்படிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வீட்டில் விஷயத்தைச் சொன்னார்.

"நடமாடும் ஓவிய வகுப்பா?" என்றாள் சூசையம்மாள். "நடமாடுறது ஓவியமா, வகுப்பா?"

"வகுப்பு. நாலு சுவத்துக்குள்ள உக்காந்து மாங்காயும் பானையும் வரைஞ்சது போதும்னு இருக்கு. எனக்கும் வயசாகுதுல்ல. ஒரு நாளாச்சும் நெசமான வானத்தைப் பாத்து வரையணும்."

இது பொய்யில்லை. இத்தனை வருஷமாக ரெண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு என்று கரும்பலகையில் போட்டுக் காட்டியவர் அவர். மலையும் ஆறும் இல்லாத ஊரில் பிறந்த பிள்ளைகள் அதைப் பார்த்துப் போட்டன.

"ஞாயித்துக்கிழமையா?"

"ஞாயித்துக்கிழமைதான். மத்த நாள்ல சனத்துக்கு வேலை இருக்குல்ல."

புயல் வரும் என்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். வரவில்லை.

"நல்ல காரியம். செய்யுங்க," என்றாள்.

வாத்தியார் பிடித்த நிலையை விடவில்லை. சூசையம்மாள் ஒன்றை எதிர்த்தால் என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியும், விட்டுவிட வேண்டும். அவள் சம்மதித்தால் என்ன செய்யவேண்டும் என்று பழக்கமே இல்லை.

"முதல்ல எந்த ஊரு?" என்று கேட்டாள்.

"திருச்சுழி. கோயில் இருக்கு, கோபுரம் இருக்கு."

"அன்னைக்குப் பெரிய முகூர்த்தம். கோபுரத்தை மறைச்சுக்கிட்டு ரெண்டு கல்யாணமாச்சும் நிக்கும். தெரிஞ்சவுக பாத்தா நேரா பந்தியில உக்கார வச்சிருவாக."

"அப்ப மல்லாங்கிணறு பக்கம். காட்டை வரைவோம். கண்ணுக்கெட்டுன வரைக்கும் வெட்டவெளி."

"நிழலு?"

"நிழல் போடுறது அஞ்சாவது வகுப்புலதான் சொல்லிக்குடுப்பேன்."

"நான் படத்துல கேக்கல. உச்சி வெயில்ல சனம் எதுக்கடியில உக்காரும்னு கேக்குறேன்."

வாத்தியார் யோசித்தார். "வேலிக்காத்தான் இருக்கு."

"முள்ளுக்கடியில உக்காந்து எந்திரிச்சா முன்னால ஒரு படம், பின்னால ஒரு படம்னு ஆளுக்கு ரெண்டாப் போயிரும். சரி, குடிதண்ணி?"

"கேன்ல கொண்டு போறோம்."

"கேன் தண்ணியக் குடிச்சா, பெறகு சனம் என்ன கேக்கும்? ஆம்பளைக நீங்க புதருக்கு அந்தப் பக்கம் போயிருவீக. கூட வாற ஷஹீனா எங்க போவா? நான் எங்க போவேன்?"

"நீயுமா வார?"

"கலைதான? நானும் கத்துக்கிடுறேன்."

வாத்தியார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபுரம், வானம், பனைமரம் எல்லாம் யோசித்தவர், கக்கூஸை யோசிக்கவில்லை. உலகத்தில் பெரிய திட்டங்கள் எல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் தட்டி நிற்கின்றன.

அதற்குள் விஷயம் தெருவில் பரவிவிட்டது. பேங்கில் வேலை பார்க்கும் பிருந்தா சேர்ந்தாள். தையல்கடை ஈஸ்வரி, தன் கடைக்கு வருகிறவர்களையும் சேர்த்துவிட்டாள். வேன் நிறைந்தது. எல்லாரும் டிராயிங் நோட்டும் கலர் பென்சிலும் வாங்கிவிட்டார்கள். இனிமேல் வகுப்பு நடக்கவில்லை என்றால் வாத்தியார் தெருவில் தலை காட்ட முடியாது. நடந்தால்தான் மிளகாயிலிருந்தும் தப்பிக்க முடியும்.

இடம் தேடி அவரும் இனாயத்துல்லாவும் ஸ்கூட்டரில் அலையாத காடில்லை. நிழல் இருந்த இடத்தில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருந்த இடத்தில் கக்கூஸ் இல்லை. மூன்றும் இல்லாத இடத்தில் ஒரு நாய் இருந்தது, அது விரட்டியது. கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்று மூச்சு வாங்கினார்கள்.

"வாத்தியாரே, இங்கயே உக்காந்து வரைஞ்சா என்ன?" என்றார் இனாயத்துல்லா. "கூரை இருக்கு, தண்ணி இருக்கு, கக்கூஸ் இருக்கு."

"எதை வரைய?"

"அந்தா, டயருக்குக் காத்தடிக்கிற மிசினை."

வாத்தியார் வண்டியை எடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து விழுந்தார். சூசையம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வேப்பமரம், ஒரு பம்புசெட்டு, ஒரு கக்கூஸ். இந்த மூணும் சேந்தாப்புல இருக்குற இடமே இந்தச் சீமையில கிடையாதா?" என்று புலம்பினார்.

"எனக்கென்னங்க தெரியும்?" என்றாள் அவள், கீரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

வாத்தியாருக்குப் பொறி தட்டியது. மூன்றும் இருக்கிற ஒரு இடம் அவருக்குத் தெரியும். அந்த வேப்பமரத்தடியில் உட்கார்ந்துதான் ஞாயிறுதோறும் கண்ணைக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

"உன் தம்பி காட்டுல வச்சுக்கிட்டா என்ன?"

"ஐயையோ, அது வேண்டாங்க. அங்க எங்க பாத்தாலும் மிளகாப்பழம் தொங்கும். உங்களுக்குத்தான் ஆகாதே. வேற இடம் பாருங்க."

வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகு அதை விட வாத்தியாருக்கு மனசு வரவில்லை. இப்படி ஒரு வாய்ப்பு வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்?

"அங்கதான் வகுப்பு," என்று அடித்துச் சொன்னார். "ஆனா ஒரு கண்டிசன். நான் வரைய மட்டுந்தான் வாரேன். பழம் எடுக்கச் சொல்லி நீயும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, உன் தம்பியும் சொல்லக்கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு."

"மாதா மேல சத்தியமா சொல்ல மாட்டோம்," என்றாள் சூசையம்மாள். கீரைக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வாத்தியார் அன்றைக்கு ரெண்டு கரண்டி சோறு கூடச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேன் கிளம்பியது. உள்ளே ஒரே பாட்டும் சிரிப்பும். பரளச்சிக் காட்டில் இறங்கியதும் சனம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. கறுத்த கரிசல் மண், பச்சைச் செடி, செடி தாங்காத சிவப்புப் பழம். சவரிமுத்து எல்லாரையும் கும்பிட்டுவிட்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஓரமாக நின்றான். ஊமை வேஷம் போட்டவன் மாதிரி இருந்தது.

வேப்பமரத்தடியில் சமுக்காளம் விரித்தாயிற்று. காற்றுக்கு நோட்டுப் பறந்தது. ஆளுக்கொரு கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். வாத்தியார் நடுவில் நின்றார். இடுப்பில் கை. மேலே நிஜமான வானம். அவருக்குப் பத்து வயசு குறைந்தது.

"படம்னா முதல்ல அமைப்பு," என்று தொடங்கினார். "இடது பக்கம் பாருங்க, பனைமரம். வலது பக்கம் பம்புசெட்டு. மேல வானம். நடுவுல..."

நடுவில் களம். கூட்டிப் பெருக்கி, சாணி தெளித்து, துடைத்துவிட்ட மாதிரி மொட்டையாகக் கிடந்தது. வாத்தியாருக்கு உள்ளங்கை அரித்தது.

"என்ன மாப்ள, களத்துல ஒண்ணுமே இல்ல?" என்றார் சவரிமுத்துவிடம்.

சவரிமுத்து வாயைத் திறந்தான். சூசையம்மாள் பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"நடுவுல செவப்பா ஒரு குவியல் மட்டும் இருந்தா, இந்தப் படம் எங்கயோ போயிரும்," என்றார் வாத்தியார்.

"குவியல் இல்லைன்னா விடுங்க," என்றாள் சூசையம்மாள். "மொட்டைக் களத்தையே வரையிறோம். எங்களுக்கு என்ன அமைப்பு தெரியும்?"

"மொட்டைக் களத்தை எவனாச்சும் வரைவானா?" வாத்தியாருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "பிருந்தா, ஈஸ்வரி, எல்லாரும் எந்திரிங்க. ஆளுக்கொரு பெட்டியை எடுங்க. நல்ல பழமாப் பாத்து எடுத்துட்டு வந்து நடுவுல கொட்டுங்க. செத்த நேர வேலை."

மரத்துக்குப் பின்னால் நார்ப்பெட்டிகள் அடுக்கி இருந்தன. சொல்லிவைத்த மாதிரி ஆளுக்கொன்று இருந்தது. நல்ல சகுனம் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார்.

சனம் காட்டுக்குள் பாய்ந்தது. ஏசி அறையில் உட்கார்ந்தே கால் மரத்துப்போன பிருந்தா செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். ஈஸ்வரி, யார் பெட்டி முதலில் நிறையும் என்று பந்தயம் கட்டினாள். ஷஹீனா புருஷனுக்குப் பக்கத்துச் செடிச் சாலில் நின்றுகொண்டு, "பூண்டு உரிக்கையில இந்த வேகத்தைக் காணமே," என்று கேட்டாள். ஒருத்தர் தும்ம, அடுத்தவர் தும்ம, காடு முழுக்கத் தும்மலும் சிரிப்புமாக இருந்தது.

முதல் குவியல் விழுந்தது. "இது குவியலா? கோயில்ல பொரி கொட்டுன மாதிரி இருக்கு. இன்னும் வேணும்," என்றார் வாத்தியார். மறுபடி கொட்டினார்கள். "இடது பக்கம் சரியுது. அங்க நாலு பெட்டி." கொட்டினார்கள். "உச்சி மொண்ணையா இருக்கு. கூம்பா வரணும்." கொட்டினார்கள். அவர் பின்னால் போய் நின்று ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி அளந்து பார்த்தார். ஏதோ குறைந்தது.

"எல்லாம் ஆரஞ்சுச் செவப்பு. ரத்தச் செவப்பு எங்க?" என்று கத்தினார். "உங்களுக்குக் கலரே தெரியல. தள்ளுங்க, கலர் தெரிஞ்சவன்தான் எடுக்கணும்."

வேட்டியை மடித்துக் கட்டினார். பெட்டியை இடுப்பில் இடுக்கினார். காட்டுக்குள் இறங்கினார்.

கடைசிச் சால் முடிகிற இடத்தில்தான் நிமிர்ந்தார். திரும்பிப் பார்த்தார். காடு பச்சையாக இருந்தது. வெறும் பச்சை. மருந்துக்குக்கூட ஒரு சிவப்பில்லை. இருந்த சிவப்பெல்லாம் களத்தில் கோபுரமாக நின்றது. கையிலிருந்த பெட்டியை அப்போதுதான் பார்த்தார்.

மரத்தடியில் பந்தி நடந்துகொண்டிருந்தது. டிராயிங் நோட்டுகள் கல்லுக்கடியில் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒருத்தரும் ஒரு கோடு போட்டிருக்கவில்லை. வேலை முடிந்துவிட்டதால் சவரிமுத்துவுக்குப் பேச்சு வந்தது.

"மச்சான், நான் ஒரு வார்த்தை சொல்லல. போன வாரமே அக்கா போன் போட்டு, பெட்டி சேத்து வை, களத்தை மொட்டையா வைன்னா. வெறும் இடத்தைப் பாத்தா அவுகளுக்குக் கை நிக்காதுன்னு சொன்னா."

போன வாரமே. வாத்தியார் சூசையம்மாளைப் பார்த்தார். அவள் அவர் இலையில் கோழித் தொடையை வைத்தாள்.

"நான் எடுக்கச் சொன்னேனா?"

"இல்ல."

"என் தம்பி சொன்னானா?"

"இல்ல."

"பெறகு?"

வாத்தியார் எல்லார் முன்னாலும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரி, நான் ஏமாந்துட்டேன். ஆனா இதோட வகுப்பு முடிஞ்சுபோச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டை விட்டு அசைய மாட்டேன். யாரு என்ன சொன்னாலும் வாயத் திறக்க மாட்டேன்."

"திறக்க வேண்டாங்க," என்றாள் சூசையம்மாள். "எங்க சித்தப்பா காட்டுல பருத்தி வெடிச்சுக் கெடக்கு. சும்மா காதுல போட்டு வச்சேன். கரிசலு கறுகறுன்னு இருக்கு, அது மேல வெள்ளை வெள்ளையா. அவுக களமும் மொட்டையாத்தான் கெடக்காம்."

வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எலும்பைக் கடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கடிப்பது மெல்ல நின்றது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை நீட்டி, வெறும் காற்றில் எதையோ அளந்தார்.

"குவியல் எம்புட்டு உசரம் வரும்?" என்றார்.