ஜப்பான் அண்ணாச்சி நகர்த்திய அலை

தூத்துக்குடிக் கடற்கரையில் ஜப்பான் அண்ணாச்சியைவிடப் பிடிவாதக்காரர் ஒருவர் பிறந்ததில்லை. அவரைப் பற்றிய கதைகளோ ஏராளம். கப்பலேறிப் போய் ஜப்பானில் ஓவியம் பயின்றார் என்பாரும் உண்டு; துறைமுகத்து வாயிலையே தாண்டாதவர் என்பாரும் உண்டு. இரண்டுக்கும் சாட்சி இல்லை. ஆகவே, திரேஸ்புரத்து ஃபிளெக்ஸ் கடையில் எழுத்துப்பிழை திருத்துபவனாக, அவருக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்து நான் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன்.

கடைக்கு வரும் பேனர்களை அண்ணாச்சி டேப்லெட்டில் வரைவார். ஜப்பானிய மரபுப்படி கருங்கோட்டுக்குள் தட்டையான வண்ணமும் தாராளமான வெற்றிடமும் வேண்டும். மேற்கத்திய மரபுப்படி ஒருபுறம் ஒளியும் மறுபுறம் நிழலும் வேண்டும். இரண்டும் ஒரே படத்தில் இருந்தாக வேண்டும். வந்திருப்பது கண்ணீர் அஞ்சலியா, காதணி விழாவா என்பது அவருக்குப் பொருட்டன்று.

ஒரு கட்சித் தலைவரின் பிறந்தநாள் பேனரைக் கண்டு தொண்டர்கள் கொதித்தார்கள். "தலைவர் மூஞ்சில பாதிக்குக் கரியப் பூசிட்டீரேவே!"

"மிச்சப் பாதி எப்படி மின்னுது, அதைப் பாரும்" என்றார் அண்ணாச்சி.

பூப்புனித நீராட்டு விழாவுக்குப் பேனர் கேட்டு மாப்பிள்ளையூரணியிலிருந்து ஒரு தாய்மாமன் வந்தார். "அண்ணாச்சி, இங்கன இவ்வளவு இடம் சும்மா கிடக்கே. எங்க ஆளுக படத்தைப் போடும்."

"சும்மா கிடக்கலவே. அது படம் மூச்சு விடுத இடம்."

"படம் விட்டுக்கிடட்டும். மூஞ்சி வரலன்னா எங்க அண்ணன் என்னை மூச்சு விட விடமாட்டான்!"

கடை முதலாளியின் பொறுமை, படகுக்காரர் லூர்தம்மாளின் விசைப்படகோடு முடிந்தது. புதுப்படகைக் கடலில் இறக்கும் நாளுக்குப் பேனர்; அதே படம் படகிலும் ஒட்டப்படும். அண்ணாச்சி வானளாவிய ஓர் அலையை வரைந்தார். அதன் அடியில் கடுகளவு படகு.

லூர்தம்மாள் சிலுவைக்குறி இட்டுக்கொண்டார். "ஏ அண்ணாச்சி, இறக்குத அன்னைக்கே எம்படகு தலைக்கு மேல அலையை நிறுத்திருக்கீரே! இதைப் பாத்துட்டு எவன் ஏறுவான்?"

முதலாளி சுருக்கமாகச் சொன்னார்: "அலையை அழியும். இல்லன்னா நாளைக்கு நீரு வர வேண்டாம்."

"அழிக்க மாட்டேன். அக்கா, சாயந்தரம் வாங்க."

அன்று அவருடைய சோற்றுப் பாத்திரம் திறக்கப்படவே இல்லை. அவர் வேலை போய்விடுமே என்று நான்தான் வியர்த்தேன். அவர் பேனா ஓயவில்லை.

மாலையில் பார்த்தால், அலையில் ஒரு கோடும் குறையவில்லை. கருங்கோட்டோடு, தட்டையான நீலமாக, அது படகின் பின்னால் போய் நின்றது. படகு பெரிதாகி முன்னே வந்திருந்தது. முன்முனையான அணியத்தில் வெயில், பக்கப் பலகைகளில் நிழல். திரையைக் கிழித்துக்கொண்டு எங்கள் மேசையில் ஏறிவிடும் போலிருந்தது.

லூர்தம்மாள் திரையருகே குனிந்து பார்த்தார். "அலை பின்னால கிடக்கு. படகு தாண்டிட்டு, என்ன?"

"கரைக்கு வருதுக்கா."

"காலையிலயே கரைக்குக் கொண்டாந்தா என்னவே? எனக்கு நெஞ்சு நின்னுல்லா போச்சு!"

அந்தப் படகு இன்றும் அதே படத்தோடு கடலுக்குப் போய் வருகிறது. ஒரு பொங்கல் விடுமுறைக்குப் போன அண்ணாச்சிதான் திரும்பவில்லை. அவருடைய இயற்பெயரும், யாரிடம் பயின்றார் என்பதும், இப்போது எங்கே வரைகிறார் என்பதும் எனக்குத் தெரியாது. அவர் நாற்காலியில் முதலாளி ஃபிளெக்ஸ் சுருளை வைக்க வந்தபோது, வேண்டாம், அது சும்மா கிடக்கட்டும் என்றேன்.