முக்காலி மாஸ்டர் வாங்கிய காளை

மதராஸிலிருந்து ஆரம்பாக்கம் வரை அந்தப் பெரிய ரோட்டின் இரண்டு பக்கமும் மேய்ந்த மாடுகள் அத்தனைக்கும் முக்காலி மாஸ்டரைத் தெரியும். மனிதர்களில்தான் பாதிப் பேருக்குத் தெரியாது. அதில் அவருக்கு வருத்தம் எதுவும் கிடையாது. போட்டோ எடுக்கிற தொழிலில் இருந்துகொண்டு, மனிதர்களை எடுக்க மாட்டேன் என்று சொன்ன ஆள் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

நான் அவரைப் பார்த்தது ஐம்பதுகளின் நடுவில், புதுவாயல் கூட்டு ரோட்டில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதற்குப் பிறகு அரிசி ஆலை, உப்பளம், லாரி என்று ஒவ்வொன்றையும் நான் விட்டேன். அன்றைக்கு ஒரு லாரிக்காரர் என்னை அங்கே இறக்கிவிட்டுப் போயிருந்தார். முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டதுதான். அதனால் ரோட்டோரத்தில் ஐந்து கால்களோடு, தலையே இல்லாமல், கறுப்பாக ஒரு பிராணி நிற்பதைக் கண்டபோது பசி மயக்கம் என்றுதான் நினைத்தேன்.

பிராணி பேசியது.

"நவுராத நைனா. எருமை இப்பதான் மூஞ்சிய திருப்புது."

காமிராப் பெட்டியைத் தாங்குகிற முக்காலியின் கால் மூன்று, மனிதக் கால் இரண்டு. மேலே கிடந்த கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு ஒல்லியாக ஒருவர் வெளியே வந்தார்.

"இன்னா வேலை பண்ற?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப முக்காலிய தூக்கு."

இன்டர்வியூ அவ்வளவுதான். சம்பளம் கிடையாது. அவர் சாப்பிட்டால் நானும் சாப்பிடலாம். படத்தைப் பார்த்து மகிழ்ந்து போன மாட்டுக்காரர்கள் நெல்லோ கத்தரிக்காயோ கொடுப்பார்கள். யாரும் மகிழாத நாட்களும் இருந்தன. அன்றெல்லாம் சாப்பாட்டு வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

மாஸ்டர் முன்பெல்லாம் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்தான். ஒரு மாப்பிள்ளை, தன் காது இவ்வளவு பெரிதில்லை என்று பஞ்சாயத்து வைத்தாராம். மாஸ்டர் பந்தலிலேயே நூலைப் பிடித்து அந்தக் காதை அளந்து காட்டியிருக்கிறார். படம்தான் சரி என்று தெரிந்தது. அடியும் விழுந்தது. அன்றோடு மனித இனத்தைக் கைவிட்டார்.

"எருமைக்குந்தான் காது பெருசு. என்னிக்காவது ஒரு வார்த்தை கேட்டுச்சா?" என்பார்.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. மாடு அதன் சொந்தக்காரர் நிலத்தில் நிற்க வேண்டும். இவர் ரோட்டில் நிற்க வேண்டும். கால் கட்டைவிரல்கூடத் தாருக்கு வெளியே போகாது. "ரோடு சர்க்காருது. இங்க நின்னு பாத்தா எவனும் கேக்க முடியாது" என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் ஓர் ஆட்டினால் எனக்குத் தெரிந்தது. வேலிக்குள் நின்றிருந்த கிடா ஒன்று, மாஸ்டர் குறி பார்த்து முடித்த நேரத்தில், தானாகவே ரோட்டுக்கு வந்து காமிராவுக்கு எதிரில் நின்றது. இதைவிட வசதி உண்டா? மாஸ்டர் பெட்டியை மூடிவிட்டார்.

"இன்னா மாஸ்டர், கிட்டவே வந்துச்சே?"

"ரோட்டுக்கு வந்துட்டா அது வேற மூஞ்சி நைனா. ஊட்டுல கீற மூஞ்சி வேற, ரோட்டு மூஞ்சி வேற. எனக்கு ஊட்டு மூஞ்சிதான் வேணும்."

கிடாவுக்கு இரண்டு முகம் இருக்கிறதா என்று நான் உற்றுப் பார்த்தேன். அது என் சட்டையைத் தின்னப் பார்த்தது.

படம் எடுத்தால் மாட்டுக்குப் பால் வற்றிவிடும் என்ற பயம் அப்போது எல்லா ஊரிலும் இருந்தது. ஒரு வீட்டம்மா மிளகாயும் உப்பும் எடுத்து வந்து, பசுவுக்குச் சுற்றிப் போட்டுக்கொண்டே எங்களைத் திட்டினார்.

"பேஜாரு புடிச்சவனே, என் மாட்டு பாலெல்லாம் அந்தப் பொட்டிக்குள்ள உறிஞ்சிக்கினு போறியா?"

மாஸ்டர் பணிவாகச் சொன்னார்: "அதே கையோட பொட்டிக்கும் சுத்திடும்மா. பாவம், அதுக்கு ஒத்தக் கண்ணு."

அந்த அம்மாள் சுற்றிப் போட்டார். மோரும் கொடுத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு நல்ல காலம் எட்டிப் பார்த்தது. கும்மிடிப்பூண்டியில் புண்ணாக்குக் கடை வைத்திருந்த பாய், பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கடையில் மாட்டுவதற்கு ஒரு காளைப் படம் கேட்டார். படம் மனசுக்குப் பிடித்தால், கடைக்குப் பின்னால் இருந்த இருட்டறையை மாஸ்டர் வைத்துக்கொள்ளலாம். அதுவரை மாஸ்டர் படம் கழுவியது கம்பளி போர்த்திய ஒரு கோழிக்கூட்டில், கோழிகளின் சம்மதத்தோடு. அதனால் அந்த அறையை நினைத்தே அவர் இரண்டு நாள் சாப்பாட்டை மறந்தார். நான் மறக்கவில்லை.

படம் விழுகிற கண்ணாடித் தட்டு இரண்டுதான் மிச்சம். வெளிச்சம் பட்டால் தட்டு போச்சு.

தேர்வாய் கண்டிகைக்குப் போகிற வழியில் மேட்டு வீட்டுக்காரர் என்று ஒரு நெல் விவசாயி இருந்தார். அவருடைய வெள்ளைக் காளை வேலிக்கு அந்தப் பக்கம் தேர் மாதிரி நின்றது. மாஸ்டர் ரோட்டோரம் முக்காலியை விரித்துத் துணிக்குள் நுழைந்தார். காளை தலை தூக்கிப் பார்க்க வேண்டும் என்பதற்காக நான் தள்ளி நின்று துண்டை ஆட்டினேன். துணி விலகி வெளிச்சம் நுழைந்தால் நான் ஓடி வந்து அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். வந்துவிட்டேன் என்று காட்ட, கையை உள்ளே விட்டு அவர் கையைத் தொடுவேன். இன்னும் இறுக்கு என்றால் அவர் என் விரல்களை அழுத்துவார். இது எங்கள் ஏற்பாடு.

எங்கள் பக்கத்துச் சந்தைக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. மாட்டு விலையை அங்கே வாயால் பேச மாட்டார்கள். விற்பவரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பிடிக்கிற விரலின் எண்ணிக்கைதான் விலை. கையைக் குலுக்கினால் மாடு கை மாறியது. அதற்குப் பிறகு வாங்கியவர் பின்வாங்கினால், மாட்டின் உடம்பில் சுழி சரியில்லை, ராசி கெட்டது என்று பேர் வந்துவிடும். அப்புறம் அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

மேட்டு வீட்டுக்காரர் வந்து பார்த்தார். வெளியூர் ஆள் ஒருவர் தன் காளையை நெடுநேரமாகப் பார்க்கிறார். துண்டுக்குப் பதில் பெரிய கறுப்புத் துணி. அதற்கு ஸ்டாண்டு வேறு. இவ்வளவு மரியாதையான வியாபாரியை அவர் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை பேசாமல் துணிக்குள் கையை விட்டார்.

மாஸ்டர் அதை என் கை என்று நினைத்து இரண்டு விரலை அழுத்தினார். கை அசைந்தது. ஏன் இந்தப் பையன் நெளிகிறான் என்ற கோபத்தில் நாலு விரலைப் பிடித்தார். அது மறுபடி அசைந்தது. ஐந்தையும் சேர்த்து நெரித்து, ஓர் உலுக்கு உலுக்கினார்.

மேட்டு வீட்டுக்காரர் கையை வெளியே எடுத்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அந்த வட்டாரத்தில் ஐந்து விரலுக்கு எந்தக் காளையும் போனதில்லை.

மாஸ்டர் தலையை வெளியே எடுத்துத் தட்டைச் செருகி நிமிர்ந்தால், காளை ரோட்டில் அவருக்கு எதிரில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"ரோட்டுக்கு ஏன்யா இட்டாந்த?" என்றார் மாஸ்டர்.

"பின்ன வேலிய தாண்டியா இட்டுக்கினு போவ? புதுக் கயிறு கொண்டாந்தியா? பழைய கயிறு நான் தர மாட்டேன்."

விஷயம் விளங்க நேரம் பிடித்தது. அதற்குள் ஒரு பஸ் வந்து காளைக்குப் பின்னால் நின்றுவிட்டது. பஸ் முழுவதும் இறங்கி வட்டம் கட்டியது. "அது போட்டோ துணி நைனா" என்று மாஸ்டர் சொல்லச் சொல்ல, கண்டக்டர், "உள்ள போட்டோ கீதா பாப்போம்" என்று தட்டை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு தட்டு போச்சு.

மேட்டு வீட்டுக்காரர் குரலை உயர்த்தவில்லை. "ஊரே பாத்துச்சு. இனிமே இத எவன் வாங்குவான்? சுழி சரியில்லன்னுதான சொல்லுவான்? டப்பு வர வரைக்கும் பொட்டி என்னாண்ட இருக்கட்டும்."

மாஸ்டர் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "பொட்டி போச்சுன்னா எனக்கு முக்காலிதான் மிச்சம் நைனா" என்றார் என்னிடம்.

அந்தப் பஸ்ஸில் பாய் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாஸ்டரே, மாடு இப்ப யாருது?" என்றார்.

"என்துன்னு சொல்றாங்க பாய்."

"அப்ப வித்துடு. இவருக்கே வித்துடு. துணி கீதில்ல?"

பஸ்ஸுக்கு வழி வேண்டுமே என்று நான் காளையைப் பழைய இடத்தில் கொண்டுபோய்க் கட்டினேன். மாஸ்டர் தலையும் மேட்டு வீட்டுக்காரர் தலையும் துணிக்குள் போயின. உள்ளேயிருந்து அலறல்.

"அய்யய்யோ, என் மாடு கவுந்து கீதே."

"பொட்டிக்குள்ள அப்டிதான் தெரியும்."

துணிக்கு வெளியே மேட்டு வீட்டுக்காரரின் கால்கள் நுனியில் எழும்பின.

"வால் குஞ்சம்கூட தெரியுதுய்யா. ஈ ஒக்காந்துக்கினு கீது பாரு."

"சாமி, வெலைய முடிங்க. பஸ்ஸு நிக்குது" என்றார் கண்டக்டர்.

"இரு. அசை போடுது."

ஒரு வழியாக வெளியே வந்த மேட்டு வீட்டுக்காரர் பஸ்ஸுக்கே கேட்கும்படி அறிவித்தார்: "ஆறு விரலு குடுத்து மீட்டேன்." காளையின் மானம் தப்பியது மட்டுமல்ல, மதிப்பும் ஏறிவிட்டது. அந்த ஆறாவது விரல் லாபத்துக்குப் பதிலாக எங்களுக்குச் சோறு போட்டார்.

"உள்ள வா மாஸ்டரு. கிட்ட நின்னே எடு" என்று கூப்பிட்டார்.

"வேணாம் நைனா. எனக்கு ரோடே போதும்." இலையைக்கூட ரோட்டுக்கே வாங்கிக்கொண்டார்.

நான் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டேன். பல நாளைக்குப் பிறகு வயிறு நிறைந்ததில், காளைக்குப் பக்கத்து வைக்கோலிலேயே தூங்கிப்போனேன். எழுந்தபோது மாஸ்டர் ரோட்டில் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துட்டியா மாஸ்டர்?"

"எடுத்துட்டேன்."

கோழிக்கூட்டில் கழுவிய படத்தைக் கையில் வாங்கிப் பார்த்த பாய் கேட்டார்: "காளை எங்க?"

"வாலு கீது பாரு" என்றார் மாஸ்டர்.

வாலும் ஒரு பின்னங்காலும் ஓரத்தில் இருந்தன. நடுவில் முழுசாக நான், வாயைத் திறந்துகொண்டு, வைக்கோலில். பாய் நெடுநேரம் பார்த்தார். "மாட்டுக்கு வயிறு ரொம்புனாத்தான் மாட்டுக்காரன் இப்டி தூங்குவான்" என்று கடையில் மாட்டிவிட்டார். அறையும் கிடைத்தது. புண்ணாக்கு வாங்க வந்தவர்கள், அதை நான் தின்கிறேனா என்று கேட்டது தனிக் கதை.

"மனுசன எடுக்க மாட்டேன்னு சொன்னியே மாஸ்டர். இருந்தது ஒரு தட்டு. காளைய வுட்டுட்டு என்னை இன்னாத்துக்கு எடுத்த?"

மாஸ்டர் காமிராவின் கண்ணாடியைத் துடைத்தார். "காளை எப்ப வேணா கெடைக்கும். உன் ஊட்டு மூஞ்சி அன்னிக்குத்தான் வெளிய வந்துச்சு."

அந்த மழைக்காலத்துக்கு முன்பே நான் இன்னொரு லாரியில் ஏறிவிட்டேன். லைசென்ஸுக்கும் ரேஷனுக்கும் பிறகு எத்தனையோ படம் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் லாரியிலிருந்து இப்போதுதான் இறங்கியவன் மாதிரி இருக்கிறேன். யாராவது என் சொந்த ஊர் எது என்று கேட்டால், வாய் புதுவாயல் பக்கம் என்கிறது; மனம் போய் நிற்பது அந்தப் புண்ணாக்குக் கடைச் சுவரில்.