செத்தவர்களுக்கு நடந்த தேர்தல்

எனக்குத் தொண்ணூறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றுகூடச் சோடை போகவில்லை. எத்தனையோ தேர்தல் பார்த்தாயிற்று. ஆனால் செத்தவர்களை மட்டுமே நிறுத்தித் தேர்தல் நடத்திய ஆள், இந்த உலகத்திலேயே எங்கள் தகரக்காரர் ஒருவர்தான்.

பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவில் ரோட்டோரம் அவருடைய பட்டறை. ஓட்டை வாளி, விளக்கு, எதுவானாலும் பற்றவைத்துத் தருவார். எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேருமா, மலையாளத்தோடேயே நிற்குமா என்று ஊர் இரண்டாகக் கிடந்த காலம். ஒரு சாயாக்கடையில் தமிழ்க் கட்சி, எதிர்க்கடையில் மலையாளக் கட்சி. தகரக்காரருக்கு இரண்டிலும் சாயா உண்டு, இரண்டிலும் சண்டையும் உண்டு.

ஒருநாள் பட்டறை முன்னால் நாலு டப்பாவை வரிசையாக வைத்தார்.

"நம்ம நாட்டிலே ஆகப் பெரிய ஆளு யாருன்னு ஜனம் சொல்லட்டு. செத்தவங்க மட்டும்தான் நிக்கலாம்."

"அதென்ன ஓய், செத்தவங்க?" என்று கூடி நின்றவர்கள் கேட்டார்கள்.

"உயிரோட இருக்கவன் ஜெயிச்சா அஞ்சு வருசம் நம்மளப் பாடுபடுத்துவான். செத்தவன் என்ன செய்வான்?"

முதல் டப்பாவில் ஒரு பழைய மலையாள ராஜாவின் படம். இரண்டாவதில் தாடிவைத்த தமிழ்ப் புலவர். மூன்றாவதில் வெள்ளைக்காரப் பாதிரியார்.

"அவரு இங்க பிறக்கலியே ஓய்?"

"செத்தது இங்கயாக்கும்!"

நாலாவதில் படமே இல்லை. அது அவரவர் மனதில் உள்ள ஆளுக்கு. ஆளுக்கொரு புளியங்கொட்டை போடவேண்டும்.

ராஜா நிற்பதால் தமிழ்க் கட்சி வரமாட்டேன் என்றது. புலவர் நிற்பதால் மலையாளக் கட்சி. என் வீட்டுக்காரர் தமிழ்க் கட்சி. "ஏட்டி, அந்தப் பக்கம் போனா, பிறகு உனக்க அப்பன் வீட்டுக்குத்தான் போகணும்" என்றார். கல்யாணமாகி ஆறு மாதம். பயம்தான். ஆனால் அதுவரை என்னிடம் யாரும், 'நீ யாரைப் பெரியவர் என்று நினைக்கிறாய்?' என்று கேட்டதில்லை. சந்தைக்குப் போகிற வழியில் நாலாவது டப்பாவில் போட்டுவிட்டேன்.

"யாருக்கு மக்கா?"

"சொல்லமாட்டேன்."

"அப்பிடித்தான் இருக்கணும். ஓட்டுன்னா ரகசியமாக்கும்!"

சொல்லிவிட்டு, ரகசியத்தை ஊருக்கெல்லாம் காட்டும் மையை என் இடது சுட்டுவிரலில் வைத்தார். தேர்தல் மை அவருக்கு எங்கே கிடைக்கும்? கொல்லாங்கொட்டைத் தோட்டை, அதாவது முந்திரிக்கொட்டையின் மேல்தோலைச் சுட்டு வடித்த எண்ணெய்! மறுநாள் காலை விரல் நெல்லிக்காயாகப் பொங்கியிருந்தது.

கஞ்சி ஊற்றும்போது வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"இதென்னட்டி?"

"அடுப்பில சுட்டது."

"எந்த அடுப்பு? தகரக்காரனுக்க அடுப்பா? எடு துணிமணிய!"

மாமியார் உள்ளேயிருந்து வந்தார். கந்தல் சுற்றிய தன் விரலை மகன் மூக்குக்கு நேரே நீட்டினார். "எலே, அப்பம் என்னயும் எனக்க அப்பன் வீட்டில கொண்டு விடு. அவரு செத்து இருவது வருசமாச்சு, தேடிப் பிடிச்சு விடணும்."

வீட்டுக்காரருக்கு வந்த கோபத்தை எங்கே இறக்குவது? தகரக்காரரை அடிக்க ஓடினார். கொலை விழப்போகிறது என்று நான் வாசலிலேயே நின்றேன். அரைமணி கழித்துத் தலைகுனிந்து வந்தார். இடது சுட்டுவிரலில் வாழையிலை சுற்றியிருந்தது.

தகரக்காரர் சொன்னது இவ்வளவுதானாம்: "அடிக்கலாம் மக்கா. ஓட்டுப் போட்டிட்டு அடி."

எண்ணிப் பார்த்தபோது நாலாவது டப்பாதான் நிறைந்திருந்தது. ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் விரலில் கந்தல். தகரக்காரர் ரோட்டில் நின்று அறிவித்தார்: "ஜெயிச்சது யாருன்னு தெரியாது. ஆனா பெரிய ஆளாக்கும்!"

யாருக்குப் போட்டாய் என்று வீட்டுக்காரர் என்னைக் கேட்கவில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை. அப்படியே அறுபது வருடம் சேர்ந்து வாழ்ந்தோம்.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதி முடித்துவிட்டாள். மக்கா, ஒருக்கா வாசிச்சுக் காட்டு. தகரக்காரரு பேசுற இடத்தை மட்டும் ரெண்டு தடவ வாசி.